வடிகட்டியில் நடந்த சண்டை

ஜூன் 3, செவ்வாய்

இருபத்திரண்டு வருடம் சாயப்பட்டறையின் தண்ணீர் பிளாண்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரீடிங் எழுதிய கை இது. ஒன்பது வருடமாகச் சும்மா கிடக்கிறது. இன்று புது நோட்டு வாங்கிவிட்டேன். இனி என் உடம்புக்கு ரீடிங் எழுதுவேன். நாளைக்கு எந்த டாக்டராவது மாற்றிப் பேசினால் எடுத்துக் காட்ட நம் கையில் எழுத்து வேண்டும். எழுத்து கையில் இல்லாமல் வாயால் வாதாடி ஒருமுறை தோற்றவன் நான்.

காலை ஆறு மணி: இரண்டு கண் இமையும் வீக்கம். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. குழி மேலே வர ஒரு நிமிடம். காய்ச்சல் இல்லை. சர்க்கரை மாத்திரை போட்டேன் (டாக்டர் எழுதிக் கொடுத்ததில் பாதி, முழுசாகப் போட்டால் எனக்குக் கிறுகிறுக்கும்).

"மூஞ்சி என்னங்க இப்பிடி பன்னாட்டம் உப்பிக் கிடக்குது?" என்றாள் மயிலாத்தாள்.

"ராத்திரி குப்புறப் படுத்துட்டேன்."

"நாப்பது வருசத்துல நீங்க குப்புறப் படுத்து நான் பாத்ததில்லை."

வலது தொடையில் இருந்த கீறல் மேலே தோல் மூடி ஆறிவிட்டது. தினமும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவினேன். குளோரினுக்குத் தப்பிய கிருமி கிடையாது. அதற்கும் முக வீக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ரீடிங் என்பதால் எழுதுகிறேன்.

ஜூன் 4, புதன்

மயிலாத்தாள் கொத்தமல்லித்தழை வாங்கப் போனாள். கடை நான்கு வீடு தள்ளி. திரும்பி வர ஒன்றரை மணி நேரம். போன வாரமும் அப்படித்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வீதியில் அவளுடைய தம்பி திருமூர்த்தி இருக்கிறான். அவன் வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வாய் தண்ணீர்கூட அங்கே குடிப்பதில்லை, அவர்களும் இங்கே குடிப்பதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்தக் கட்டுப்பாடு மயிலாத்தாளுக்கும் எனக்கும்தான்.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். சாயக் கழிவுத் தண்ணீரைக் கடைசியில் மெம்ப்ரேன் என்ற வடிகட்டியில் அழுத்தி அனுப்புவோம். கண்ணாடி மாதிரி தண்ணீர் வரும். தண்ணீரில் பாசி, கிருமி சேர்ந்தால் மெம்ப்ரேன் அடைத்துக்கொள்ளும். அதனால் முன்கூட்டியே குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்ல வேண்டும். ஆனால் மிச்சக் குளோரின் மெம்ப்ரேனைத் தொட்டால் மெம்ப்ரேனையே தின்றுவிடும். அதை அடக்க நடுவில் இன்னொரு மருந்து சொட்டுச் சொட்டாக விழும். எஸ்எம்பிஎஸ் என்போம். அந்த டேங்க் காலியாகாமல் பார்ப்பதுதான் ஆபரேட்டரின் முதல் வேலை. எட்டாவது வரை படித்த நான் இங்கிலீஷ் கையேட்டை அகராதி வைத்துப் படித்து இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். திருமூர்த்திக்குக் கற்றுக் கொடுத்து வேலை வாங்கிக் கொடுத்தவனும் நானே.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள், இரவு பத்து மணிக்கு என் ஷிப்ட் முடிந்து அவன் ஷிப்ட் ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் டேங்க் காய்ந்து கிடக்கிறது. நாற்பத்தெட்டு மெம்ப்ரேனும் போயிற்று. நோட்டில் பத்து மணி ரீடிங் 'ஃபுல்' என்று என் கையெழுத்தில் இருந்தது. "நான் வரும்போதே காலிங்க, மெம்ப்ரேன் அப்பவே போயிருந்துச்சு" என்று அவன் சொன்னான். நோட்டு எனக்காகப் பேசியது. ஆனாலும் முதலாளி இரண்டு பேரையுமே வெளியே அனுப்பினார். அவன் செய்த தப்புக்கு என் இருபத்திரண்டு வருடமும் போனது.

ஜூன் 6, வெள்ளி

சிறுநீர் நிறம்: டிகாஷன். சரியாகச் சொன்னால் மெரூன் சாயத்தின் மூன்றாம் கழுவல் தண்ணீர். மேலே சோப்பு மாதிரி நுரை, அரை மணி நேரமாகியும் அடங்கவில்லை. அளவு மிகக் குறைவு.

வடிகட்டி அடைத்திருக்கிறது, வேறென்ன? அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீரை வேகமாக விட்டு அலச வேண்டும். இன்று முதல் எட்டு லிட்டர்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று எட்டு லிட்டர். இன்று மதியத்துக்குள் நாலரை. வெளியே வந்தது இரண்டு டம்ளர் இருந்தால் அதிகம்.

உட்கார்ந்தால் கால் கனக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. நடக்கிறேன். வாசலில் இருந்து கிணற்றடி, கிணற்றடியில் இருந்து வாசல். இடுப்பு பெருத்து வேட்டிச் சுற்று இரண்டு விரற்கடை குறைந்துவிட்டது.

"ஏனுங், தண்ணி வண்டி மாதிரி குடிச்சுக் குடிச்சு எங்க கொண்டுபோய் வைக்கறீங்க?"

"அடைப்பு எடுக்கறேன். உனக்குத் தெரியாது."

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுதான். ஆனா வெளிய வராத தண்ணி உள்ளதான இருக்கோணும்?"

கிணற்றடிப் பக்கம் திரும்பினேன். மூச்சு வாங்கியது.

ஜூன் 10, செவ்வாய்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி, சிறுநீரக வார்டு, ஏழாம் கட்டில். ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள், நான் பஸ்ஸில் வருவதாகத்தான் சொன்னேன்.

ரத்த அழுத்தம் 210/110. கிரியாட்டினின் 5.8. ஒன்றுக்குள் இருக்க வேண்டுமாம்.

டாக்டர் ஷமீமா என்று ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே கேள்வி கேட்டார்.

"ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"எட்டு லிட்டர்."

"எதுக்கு?"

"வடிகட்டி அடைச்சா அலசோணுமில்லீங்களா."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக மரியாதை. "கிட்னி வெளிய அனுப்ப முடியாம நிக்கும்போது நீங்க உள்ள ஊத்திட்டே இருந்தா, அது நுரையீரலுக்குத்தான் போகும். இனி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். உப்பு கிடையாது."

பிறகு கேட்டார்: "கடந்த ஒரு மாசத்துல காய்ச்சல், தொண்டை வலி, கட்டி, புண்ணு, ஏதாச்சும்?"

"இல்லை."

"சர்க்கரை இருக்கு உங்களுக்கு. கால்ல எங்கயாச்சும் சின்னப் புண்ணு?"

"கால்ல இல்லை."

பாதத்தையும் கணுக்காலையும் திருப்பிப் பார்த்தார்கள். முழங்காலுக்கு மேல் வேட்டியை ஏற்ற நான் விடவில்லை. பெண் டாக்டர். சிறுநீருக்குக் குழாய் போடவும் விடவில்லை. குடுவையில் பிடித்துத் தருகிறேன் என்றேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தொடையைக் கால் என்று யாரும் சொல்வதில்லை.

ஜூன் 11, புதன்

ஆண்கள் வார்டில் துணைக்கு ஆண்தான் இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். மத்தியானம் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் திருமூர்த்தி உட்கார்ந்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. கையில் ஆட்டோ சாவி. எந்த பிளாண்டிலும் வேலை கிடைக்காமல் லோடு ஆட்டோ ஓட்டுகிறான் என்று தெரியும். அவ்வளவு நரை என்று தெரியாது.

மயிலாத்தாளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"இவன் எதுக்கு?"

"வேற ஆரு இருக்கறாங்க, சொல்லுங்க. போன் போட்டு வரச்சொல்லுங்க, நான் வேண்டாங்கல."

எனக்கு ஒருவர் பெயரும் வாயில் வரவில்லை.

திருமூர்த்தி என்னிடம் பேசவில்லை. குடுவையை எடுத்துப் போய் அளவு பார்த்து, கட்டில் காலில் தொங்கும் தாளில் எழுதினான். 180 மில்லி. எழுதிவிட்டு நேரத்தையும் போட்டான். நான் கற்றுக் கொடுத்தபடி.

ஜூன் 12, வியாழன்

டாக்டரைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். எனக்கு எட்டாவதுதான், ஆனால் சொன்னால் புரிந்துகொள்வேன் என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். திருமூர்த்தி எழுந்து நின்றான்.

"உங்க ரத்தத்துல ஒரு புரதம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. அது சண்டையில செலவாகிற பொருள். அது குறைஞ்சா எங்கயோ பெரிய சண்டை நடக்குதுன்னு அர்த்தம்."

"யாருக்கும் யாருக்கும்?"

"கிருமிக்கும் உங்க உடம்புக்கும். உடம்புல எங்கயோ ஒரு மூலையில கிருமி உக்காந்திருக்கும். கிட்னிக்கு அது வரவே வேண்டாம். அதைப் பிடிக்க உடம்பு ஒரு பொருளைச் செய்யும். அதும் கிருமியோட துணுக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரத்தத்துல சுத்தும். கிட்னியில லட்சக்கணக்கா சின்னச் சின்ன வடிகட்டி இருக்கு. அதுல போய் இது சிக்கிக்கும். உடனே உடம்போட படை அங்க வந்து இறங்கும். கிருமியைக் கொல்லணும்னுதான் வருது. ஆனா அடி விழுறது வடிகட்டிக்கு."

"அப்ப கிட்னியைக் கெடுத்தது கிருமி இல்லை?"

"நேரா இல்லை. கிருமியைக் கொல்ல வந்ததுதான்."

திருமூர்த்தி முதல்முறையாக வாயைத் திறந்தான், டாக்டரிடம். "அடக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களா மேடம்? உடம்புக்குள்ள?"

"இருக்குங்க. சில பேருக்கு அது பத்தாது. அதுக்குத்தான் எந்தக் கிருமின்னு தெரியணும். தெரிஞ்சா அதை எடுத்துட்டா சண்டை தானா நிக்கும். ஐயாவுக்கு எங்கயும் புண்ணே இல்லைங்கறார். அதான் குழப்பமா இருக்கு."

என்னை அவர் பார்க்கவில்லை. திருமூர்த்தி பார்த்தான்.

ஜூன் 13, வெள்ளி

முதுகில் ஊசி விட்டுக் கிட்னியில் துளி சதை எடுத்தார்கள். ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். அசையாமல் இருப்பதுதான் எனக்கு முடியாதது. தலை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் சொன்னதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. கிருமியைக் கொல்லப் போட்டது அடக்க ஆளில்லாமல் வடிகட்டியைத் தின்கிறது. நான் முந்தியே பார்த்தது.

தொடைக் காயம் எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. சாயப்பட்டறை மூடி ஒரு வருடமாகிறது. இயந்திரங்களைப் பிரித்து விற்றாகிவிட்டது. ஆபீஸ் அறையில் பழைய நோட்டுகள் குப்பையாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த மாத ரீடிங் நோட்டு கிடைத்தால் ஊர் முன்னால் விரித்துக் காட்டலாம், யார் தப்பு என்று. மே மாதம் நடுவில் ஒரு மத்தியானம் வாட்ச்மேன் சாப்பிடப் போன நேரம் பின்பக்கக் கேட்டில் ஏறினேன். அறுபத்தெட்டு வயதில் ஏறினேன். இறங்கும்போது துருப்பிடித்த தகரம் தொடையைக் கிழித்தது.

நோட்டு கிடைத்தது. பார்த்தேன். எழுத்து மங்கியிருக்கிறது. பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

மங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சிறுநீர் நேற்று முழுவதும் 210. கிரியாட்டினின் 7.4. தொடையில் உள்ளே துடிக்கிறது. தொட்டால் சூடு. மேலே தோல் மூடித்தான் இருக்கிறது.

பயாப்சி ரிசல்ட் வந்துவிட்டது. வடிகட்டிகளில் பாதிக்கு மேல் படை இறங்கியிருக்கிறது, சில இடத்தில் மூடிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். நாட்கள் கடத்த முடியாது. நாளை காலை ஸ்டீராய்டு மருந்து பெரிய அளவில் டிரிப்பில், மூன்று நாள்.

"அது என்ன செய்யும்?"

"படையைப் படுக்க வைக்கும். சண்டை நின்னா வடிகட்டி மிஞ்சும்."

"நல்லதுதானுங்களே."

"நல்லது, உள்ள சீழ் எங்கயும் இல்லாட்டி. கிருமி இன்னும் உக்காந்திருந்தா, காவலுக்கு இருக்கிறவனையும் படுக்க வச்ச மாதிரி ஆயிடும். ரத்தம் முழுக்கப் பரவிடும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன். இல்லைதானே ஐயா?"

"இருந்து, ஒருத்தர் இல்லைன்னு சொல்லியிருந்தா?"

"செத்துப் போவாரு" என்றார். வருத்தமாகவோ கோபமாகவோ இல்லை. ரீடிங் சொல்வது மாதிரி.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று இப்போது யோசிக்கிறேன். காயத்தைக் காட்டினால் எங்கே என்று கேட்பார்கள். பட்டறை என்றால் எதற்கு என்று திருமூர்த்தி கேட்பான். நோட்டுக்கு என்றால் நோட்டில் என்ன என்று கேட்பான். அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருக்கிறான். நகர்ந்து தொலைக்க மாட்டேன் என்கிறான்.

ஜூன் 16, திங்கள்

காலை எட்டு மணிக்கு நர்ஸ் டிரிப் பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினார். குழாயைக் கையில் இருக்கும் ஊசியோடு சேர்த்தார். சக்கரத்தை விரலால் திருப்பப் போனார்.

திருமூர்த்தி முந்தைய நாள் தாளில் அளவுகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், யாருக்கோ சொல்வது மாதிரி, "இந்தக் கட்டில்ல ரெண்டு நாளா ஒரு வாடை வருது. பட்டறையில செத்த எலி கெடந்தா வருமே, அந்த மாதிரி" என்றான்.

"நில்லும்மா" என்றேன் நர்ஸிடம்.

"என்ன தாத்தா?"

"அதைத் திறக்காதே. டாக்டரைக் கூப்பிடு."

ஷமீமா வந்தார். நான் வேட்டியை விலக்கினேன். ஆறு நாளாக விடாதவன் திறந்த வார்டில், திரைகூட இழுக்காமல் விலக்கினேன். தொடையின் உள்பக்கம் தேங்காய் அளவுக்குச் சிவந்து, ஓரத்தில் நீர் கசிந்து நிற்கிறது. டாக்டர் கையுறை போட்டுத் தொட்டார். நான் பல்லைக் கடித்தேன். அவர் முகத்தில் அப்போதுதான் கோபம் பார்த்தேன்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம்."

"எதனால?"

"தகரம் கிழிச்சது."

"எங்க?"

"பட்டறைக் கேட்டுல."

"என்ன வச்சுக் கழுவுனீங்க?"

"பிளீச்சிங் பவுடர்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "மேல இருந்த நல்ல தோலையும் எரிச்சு, கிருமியை உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க. நர்ஸ், அந்த டிரிப்பைக் கழட்டுங்க. தியேட்டருக்குச் சொல்லுங்க."

திருமூர்த்தி பாட்டிலைக் கழற்ற உதவினான். பிறகு ஒன்பது வருடத்துக்குப் பின் என்னிடம் நேராகப் பேசினான்.

"மூடிக் கிடக்கற பட்டறையில உங்களுக்கு என்ன மாமா வேலை?"

"நோட்டு எடுக்கப் போனேன்."

"எந்த நோட்டு?"

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. நல்ல வேளை என்று எழுதினால் அதுவும் ஒரு ரீடிங்தான்.

ஜூன் 19, வியாழன்

சீழ் முந்நூறு மில்லி எடுத்தார்கள். கிருமிக்கு மருந்து ஏறுகிறது. கழுத்தில் குழாய் போட்டு இரண்டு முறை டயாலிசிஸ். இயந்திரத்துக்குள் இருப்பதும் ஒரு வடிகட்டிதான், கையடக்கம். நன்றாகச் செய்திருக்கிறார்கள். இணைப்பில் ஒரு இடத்தில் கசிவு இருந்தது, டெக்னீஷியனிடம் சொன்னேன். "ஐயா, நீங்க படுங்க" என்றான்.

திருமூர்த்தி மறுபடி கேட்கவில்லை. அளவு பார்க்கிறான், எழுதுகிறான், ஸ்டூலில் உட்காருகிறான். கேட்டால் பதிலுக்குச் சண்டையாவது போடலாம். கேட்காமல் இருக்கிறவனை என்ன செய்வது?

ஜூன் 20, வெள்ளி

சிறுநீர்: நேற்று 190, இன்று 240.

ஜூன் 21, சனி

மாலை. வார்டில் எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். எனக்கு டீ அளவில் இல்லை. திருமூர்த்தி குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "முந்நூத்தி இருவது. நிறமும் பரவால்ல" என்றான். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது எனக்குத் தாங்கவில்லை.

"மாப்ள, அந்த நோட்டுல பன்னெண்டு மணி ரீடிங் என்னோட கையெழுத்துல இருக்குது. எழுதி அடிச்சிருக்குது."

அவன் குடுவையை இறக்கவில்லை.

"பன்னெண்டு மணிக்கு நீங்க ஊட்டுல தூங்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

"அப்ப பத்து மணிது?"

"அதும் அப்பிடித்தான். ஆறு மணிக்கே மிச்சம் எல்லாத்தையும் ஃபுல்னு எழுதி வெச்சுட்டேன். எழுதற வேகத்துல ஒண்ணு சேத்தி எழுதிட்டேன். அதை அடிச்சேன்."

"டேங்க்கைப் பாக்கல?"

"பாக்கல."

"அந்த நாலு மணி நேரமும் எங்க இருந்தீங்க?"

இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. குடித்தேன், தூங்கினேன் என்றால்கூட ஒரு மாதிரி. "ஸ்டோர் ரூம்ல. புதுக் கையேடு வந்திருந்துச்சு. மெம்ப்ரேனை அஞ்சு வருசத்துக்குக் கெடாம வெச்சிருக்கறது எப்பிடின்னு. அகராதி வெச்சுப் படிச்சுட்டு இருந்தேன்."

அவன் ஒரு சத்தம் போட்டான். சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. குடுவையைக் கட்டிலடியில் வைத்தான். தாளில் 320 என்று எழுதி நேரம் போட்டான். சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

முன்பே தெரிந்துதான் பொய் சொன்னேனா என்று என்னையே கேட்டால், இல்லை என்றுதான் ஒன்பது வருடமும் சொன்னேன். பார்க்காத டேங்க் நிறைந்திருந்தது என்று நானே நம்பிவிட்டேன். எழுத்தில் இருந்ததல்லவா?

ஜூன் 22, ஞாயிறு

அவன் வரவில்லை. நர்ஸ் சிறப்பு அனுமதி கொடுத்ததால் மயிலாத்தாள் இருந்தாள்.

"தம்பிகிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

அவள் கொண்டுவந்த உப்பில்லாத சாதத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "நான் கொத்தமல்லி வாங்கப் போனதா சொல்லி ஒம்பது வருசமா அவனப் பாத்துட்டு வந்தேன். திருடியாட்டம். என்ற கூடப்பொறந்தவன" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

சிறுநீர் 900. கிரியாட்டினின் 4.1. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த கட்டில்காரர் கைதட்டினார். ஸ்டூல் காலி.

ஜூன் 28, சனி

டிஸ்சார்ஜ். கிரியாட்டினின் 2.6. இன்னும் குறையலாம், பழைய நிலைக்கு முழுசாக வராமலும் போகலாம் என்றார் டாக்டர். "அடிபட்டதுல கொஞ்சம் தழும்பாயிடும் ஐயா. தழும்பு வடிகட்டாது. மிச்சத்தைக் காப்பாத்தறது உங்க கையில. தண்ணி ஒரு லிட்டர், காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து. தினமும் எழுதி வச்சுக் கொண்டுவாங்க. நிஜத்தை எழுதுங்க."

கடைசி வார்த்தையை எல்லாரிடமும் சொல்வாரா, என்னிடம் மட்டுமா என்று தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

வீட்டில் உட்கார முடியவில்லை. படிக்க முடியவில்லை. மூன்று முறை செருப்பைப் போட்டேன். மூன்று முறை கழற்றினேன்.

டேங்க் காலியானால் அடிக்கும் அலாரத்தின் வயரைத் துண்டித்தது முதலாளி. அடிக்கடி கத்துகிறது என்று துண்டித்தார். அலாரம் இருந்திருந்தால் யார் எழுதியிருந்தாலும் மெம்ப்ரேன் பிழைத்திருக்கும். இதுவும் உண்மை. இதை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மாலை ஐந்தரைக்கு அடுத்த வீதிக்குப் போனேன். இருநூறு அடி. நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்து நின்றேன். பெட்டிக்கு அடியில் இருந்த நோட்டை மஞ்சள் பையில் கொண்டுபோனேன்.

திருமூர்த்தி வாசலில் ஆட்டோவுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். பார்த்தான். நட்டைத் திருகுவதை நிறுத்தவில்லை. உள்ளே இருந்து அவன் மனைவி கோகிலா வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். எதிரியே வந்தாலும் வாசலில் நின்றவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். என் கையில் கொடுக்கவில்லை. காலுக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"சொல்லிப்போட்டுக் குடிங்க" என்றாள்.

"அவன் சொல்லலியா?"

"அவர் சொன்னாருங்க. நீங்க சொல்லி நான் கேக்கோணும். மெம்ப்ரேனை எரிச்சவன் பொண்டாட்டின்னு ரேசன் கடை வரிசையில என்னையச் சொன்னாங்க. என்ற புள்ள வயசுக்கு வந்த சீருக்கு அத்தைக்காரி இல்லாம நின்னா. அதுக்கெல்லாம் ஒரு வாய் திறந்து சொல்ல வேண்டாமுங்களா?"

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தேன். சொன்னேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, ஸ்டோர் ரூம், எல்லாம். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. கடைசியில், "ஆனா அலாரம் வயரைத் துண்டிச்சது முதலாளி. அதும் உண்மை" என்றேன்.

திருமூர்த்தி நட்டை விட்டு எழுந்தான்.

"பாத்தியா கோகிலா? கிட்னி பாதி போயும் வாயி போகல."

"உண்மையைச் சொல்லக் கூடாதா?"

"ஒம்பது வருசம் கழிச்சுச் சொல்றவரு அலாரத்தைப் பத்திப் பேசக் கூடாதுங்க மாமா."

நோட்டை மூடினேன்.

சொம்பைப் பார்த்தேன். அன்று மாலைக்குள் 850 மில்லி ஆகியிருந்தது. மிச்சம் 150, இரவு மாத்திரைக்கு. "எனக்கு அளவு இருக்குது" என்றேன்.

கோகிலாவின் முகம் மாறியது. "எங்கூட்டுத் தண்ணிக்கு மட்டும் அளவு வந்துருச்சுங்களா?"

திருமூர்த்தி குறுக்கே வந்தான். "இல்ல கோகிலா, நெசமாவே அளவு. நாந்தான் எழுதிட்டிருந்தேன்." என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஒரு மொடக்குக் குடிச்சுட்டு வைங்க, போதும்."

ஒரு மடக்கு குடிக்க எனக்குத் தெரியவில்லை. தாகம் எனக்கு ஒரு மாதமாக இருக்கிறது. சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தேன். நிறுத்தச் சொல்லி அவன் கையைப் பிடிக்கும் வரைக்கும் குடித்தேன். கோகிலா சொம்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் செம்பருத்திக்கு ஊற்றினாள். உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. திருமூர்த்தி மறுபடி நட்டைத் திருக ஆரம்பித்தான். நோட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்றைய தண்ணீர்:
காலை காபி 100
மாத்திரைக்கு 150
ரசம் 100
மோர் 150
மூன்று மணிக்கு 200
ஐந்து மணிக்கு 150
திருமூர்த்தி வீட்டில் 400
மொத்தம் 1,250. அளவுக்கு மேல் 250. இரவு மாத்திரையை உமிழ்நீரில் விழுங்கிக்கொள்வேன்.

குடித்தது ஆறு பத்துக்கு. எழுதுவது ஆறு நாற்பதுக்கு; முன்கூட்டி எழுதவில்லை.